மைக் இல்லாத கச்சேரி

எம்.ரெட்டியபட்டியில் அம்மனுக்குப் பொங்கல் என்றால் குழாய் ஸ்பீக்கர் கட்டாமல் முடியுமா? கரிசல் காட்டில் களை எடுப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டுமே! ஆனால், ஒரு கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சிலருக்காக மட்டுமே வாசித்த கச்சேரிகளும் நம்மிடம் உண்டு.

வீணை தனம்மாள் (1867-1938) சென்னை ஜார்ஜ் டவுனில், வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே வாசிப்பார். மைக் கிடையாது. பெரிய வித்வான்களும் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டார்கள். அவர் வாசிப்பு அவ்வளவு மெல்லியது; பக்கத்தில் ஒருவர் இருமினால் ஒரு கமகம் போச்சு!

அந்தக் கூடத்து இசை அமெரிக்கப் பல்கலைக்கழகம் வரை போனது. தனம்மாளின் பேரன்கள் மிருதங்கம் ரங்கநாதனும் புல்லாங்குழல் விஸ்வநாதனும் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள வெஸ்லியனில் ஆசிரியர்களாக இருந்தார்கள். 1970களிலேயே அங்கே நவராத்திரி விழாக் கச்சேரி தொடங்கிவிட்டது. விஸ்வநாதனிடம் கற்ற ஜான் ஹிக்கின்ஸ் இங்கு வந்து மேடையேறி, 'ஹிக்கின்ஸ் பாகவதர்' என்றே பெயர் வாங்கினார். மாப்பிள்ளையை விடுங்கள், பாகவதர் பட்டம் அவ்வளவு லேசில் கிடைக்காது!

தனம்மாளின் பழைய இசைத்தட்டுப் பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. கரகரப்பு இருக்கும். செல்போன் ஸ்பீக்கரில் வைத்தால் வீணை பிடிபடாது. இயர்போன் மாட்டி, ஃபேனையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.