200 ஆட்டம், 0 கோல்: லூக்கஸ் ரடேபேயை எப்பிடிக் கணக்கெடுக்கிறது?

எங்கட குழுவுக்குள்ள உதைபந்தாட்டக் கதை தொடங்கினால் அது முடிகிறது ஒரே இடத்தில்தான். மெஸ்ஸியா ரொனால்டோவா? இடையில யாராவது "நல்ல பெக் ஒருத்தரைச் சொல்லுங்கோ பாப்பம்" எண்டு கேட்டால் கொஞ்ச நேரம் சத்தமில்லை. சின்ன வயசில மைதானத்திலயும் இதே கதைதான். கோல் அடிக்கத் தெரிந்தவன் முன்னுக்கு, மிச்சம் இருக்கிறவன் பெக். "நீ சும்மா நிண்டு பந்தை வெளியில அடி, காணும்" எண்டுதான் எங்களில் பாதிப் பேர் பெக் ஆனோம்.

அதனால் இந்த முறை ஒரு பெக் பற்றி எழுதுகிறோம். இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைட்டட் கழகத்தில் 11 ஆண்டுகள் இருந்தவர். 200 லீக் ஆட்டங்கள் ஆடினார். லீக்கில் அவர் அடித்த கோல்கள் 0. ஆனாலும் அந்த நகரத்தில் அவரை இன்றைக்கும் 'தலைவர்' என்ற அர்த்தத்தில் 'சீஃப்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தென்னாபிரிக்காவின் லூக்கஸ் ரடேபே.

அவருடைய கதையை வழக்கமாக ஒரு மாதிரித்தான் சொல்லுவார்கள்: ஏழைப் பெடியன், கலவர பூமி, திறமை, வெளிநாடு, வெற்றி. இந்தக் கதையில் பொய் இல்லை. ஆனால் அரைவாசி இல்லை. அந்த மற்ற அரைவாசியைச் சொல்லாமல் விட்டால், வெளிநாடு போய் வெல்லுகிறவர்கள் தனியத் தங்கட திறமையால்தான் வெல்லுகிறார்கள், தோற்கிறவர்கள் தங்கட பிழையால்தான் தோற்கிறார்கள் என்று ஆகிவிடும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் ஊர்க் கதை. ரடேபே 1969இல் ஜொகன்னஸ்பேர்க்கின் சொவெற்றோவில் பிறந்தார். வீட்டில் 11 பிள்ளைகள். 1976இல் சொவெற்றோ மாணவர்கள் வீதிக்கு இறங்கியபோது, பொலிஸ் அவர்களைச் சுட்டபோது, அவருக்கு 7 வயது. எண்பதுகளில் நிலைமை இன்னும் மோசமானது. 15 வயதில் அவரைப் பெற்றோர் பொபுதட்சுவானா என்ற பகுதிக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே இருந்தால் படிப்பான், சண்டைக்குள்ள மாட்டுப்படமாட்டான் என்ற நம்பிக்கை. பிள்ளை உயிரோட இருந்தால் காணும் எண்டு தூரத்துக்கு அனுப்புகிற தாய் தகப்பனை நாங்கள் யாரும் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. எங்கட மாமாமார், சித்தப்பாமார் எத்தனை பேர் அப்பிடித்தான் போனார்கள்.

அங்கே பொழுது போகாமல்தான் அவர் உதைபந்தாட்டத்தைப் பெரிதாக எடுத்தார். அதுவும் கோல் காப்பாளராக. பிறகு மத்திய களத்துக்கு வந்தார், 1989இல் சொவெற்றோவின் பெரிய கழகமான கைசர் சீஃப்ஸ் அவரை எடுத்தது, அங்கேதான் பின்களத்துக்கு நகர்ந்தார். ஆனால் அந்தக் காலத்தில் ஒரு தென்னாபிரிக்க வீரர் எவ்வளவு நல்லா விளையாடினாலும் சர்வதேசப் போட்டி என்ற ஒன்று அவருக்கு இல்லை. நிறவெறி ஆட்சியின் காரணமாக ஃபீஃபா அந்த நாட்டை அறுபதுகளிலேயே இடைநிறுத்தி, 1976இல் முற்றாக வெளியேற்றியிருந்தது.

1991இல் தாய்க்குச் சாமான் வாங்கக் கடைக்குப் போகும் வழியில் ரடேபேயை யாரோ சுட்டார்கள். குண்டு முதுகால் புகுந்து தொடையால் வெளியே வந்தது. முக்கிய உறுப்பு எதிலும் படவில்லை. சுட்டது யார் என்று கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் வேறு கழகத்துக்கு மாறப்போகிறார் என்ற கோபத்தில் யாரோ செய்தது என்ற கதை மட்டும் மிஞ்சியது. அடுத்த ஆண்டு, 1992 ஜூலையில், தடை நீங்கித் தென்னாபிரிக்கா டேர்பனில் கமரூனுக்கு எதிராகத் தன் முதல் ஆட்டத்தை ஆடியபோது அவர் அணியில் இருந்தார். 1-0 வெற்றி.

1994 ஏப்ரலில் தென்னாபிரிக்காவில் எல்லா மக்களும் வாக்களித்த முதல் தேர்தல். அதே ஆண்டு ரடேபே லீட்ஸுக்குப் போகிறார். விலை 250,000 பவுண். அவரோடு சேர்த்து முன்கள வீரர் பில் மசிங்காவையும் கழகம் வாங்கியது. உண்மையில் கழகத்துக்குத் தேவைப்பட்டவர் மசிங்காதான், ரடேபே அவருக்குத் துணையாக வந்தவர் என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கதை. கோல் அடிக்கிறவருக்குத் தனிமை தெரியாமல் இருக்க ஒரு பெக்!

தொடக்கம் சுகமாக இருக்கவில்லை. குளிர், காயம், நிரந்தர இடம் இல்லை. முழங்கால் தசைநார் அறுந்து பல மாதம் வெளியில் இருந்தார். அந்த அணியில் அவர் செய்யாத வேலை இல்லை. 1996 ஏப்ரலில் ஒல்ட் ட்ரபேர்ட்டில் மன்செஸ்டர் யுனைட்டட்டுக்கு எதிரான ஆட்டத்தில் லீட்ஸ் கோல் காப்பாளர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மாற்றுக் காப்பாளர் இல்லை. ரடேபே கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றார். அந்த ஆண்டின் சம்பியன் அணிக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவர் தாக்குப்பிடித்தார். றோய் கீன் அடித்த ஒரே கோலில்தான் லீட்ஸ் தோற்றது. பொபுதட்சுவானாவில் பழகினது லீட்ஸுக்கு உதவியது.

இரண்டு மாதத்துக்கு முன்புதான், காயத்திலிருந்து மீண்டு வந்த கையோடு, சொந்த மண்ணில் ஆபிரிக்கக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் ஆடியிருந்தார். இறுதியாட்டத்தில் துனிசியாவுக்கு 2-0. தடை நீங்கி நான்கு ஆண்டுகூட ஆகவில்லை.

பிறகு ஜோர்ஜ் கிரஹாம் பயிற்சியாளராக வந்தார். அவர் பின்களத்தை மதிக்கத் தெரிந்த மனுசன். ரடேபே அணியின் தூணானார், அணித் தலைவரானார். 1998இல் தென்னாபிரிக்கா முதன்முதலாக உலகக் கிண்ணத்துக்குப் போனபோது அங்கேயும் தலைவர் அவர்தான். 1999-2000 பருவத்தில் லீட்ஸ் லீக்கில் மூன்றாம் இடம், யூஈஎஃப்ஏ கிண்ணத்தில் அரையிறுதி. அந்தப் பயணத்தில் ஸ்பார்ட்டக் மொஸ்கோவுக்கு எதிராக, ஆட்டம் முடியும் நேரத்தில், ரடேபே தலையால் முட்டிய கோல்தான் அணியை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோனது. லீக்கில் கோல் இல்லாதவர்தான், ஆனால் தேவையான நேரத்தில் அதையும் செய்தார்.

2000 நவம்பரில் அதே லீட்ஸ் றியோ ஃபேர்டினண்டை 18 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. அன்றைக்கு உலகில் ஒரு பின்கள வீரருக்குக் கொடுத்த அதிகூடிய விலை அது. அதாவது 70க்கு மேற்பட்ட ரடேபேக்களின் விலை. சந்தை பெக்மாரை அப்போதுதான் எண்ணப் பழகுகிறது.

இனி எங்களுக்கு முக்கியமான இடம். ஒரு பக்கம் கழகம், மறுபக்கம் நாடு. ஆபிரிக்கக் கிண்ணம் நடப்பது ஐரோப்பியப் பருவத்தின் நடுவில். தகுதிகாண் ஆட்டம், நட்பு ஆட்டம் என்று ஒவ்வொரு தடவையும் பத்து மணித்தியாலத்துக்கு மேல் விமானம், திரும்பி வந்து சனிக்கிழமை ஆட்டம். லீட்ஸ் முகாம் இதைப் பற்றி வெளிப்படையாகவே குறைபட்டது. அவர் போகாமல் விட்டால் ஊரில் "வெள்ளைக்காரன்ர காசைக் கண்டதும் மாறிட்டான்" என்பார்கள். போனால் இங்கே "கழகத்தில் பற்றில்லை" என்பார்கள். அவர் இரண்டுக்கும் போனார். தென்னாபிரிக்காவுக்காக 70 ஆட்டங்கள். விலையை உடம்பு கட்டியது. முழங்கால், கணுக்கால் என்று காயங்கள். லீட்ஸ் 2001இல் சம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குப் போனபோது தலைவர் களத்தில் இல்லை. கிட்டத்தட்ட ஒரு வருசத்துக்கு மேல் ஒதுங்கியிருந்துவிட்டு 2002 உலகக் கிண்ணத்துக்கு எழும்பி வந்தார். ஸ்பெயினுக்கு எதிராக ஒரு கோலும் அடித்தார். தென்னாபிரிக்கா 3-2 எனத் தோற்றது. பராகுவேயோடு புள்ளியும் சமம், கோல் வித்தியாசமும் சமம், ஆனால் பராகுவே மொத்தமாக ஒரு கோல் கூட அடித்திருந்தது. அதோடு வீட்டுக்கு.

வெளிநாட்டில் வேலை செய்கிற, ஊரையும் விட ஏலாத யாரிடமும் கேட்டுப் பாருங்கோ. "இங்கேயா அங்கேயா" என்ற கேள்விக்கு வாயால் பதில் சொல்லுகிறவர்கள் குறைவு. முதுகுவலியாலும் நித்திரை முழிப்பாலும் சொல்லுகிறவர்கள்தான் கூட.

இப்போது அந்த மற்ற அரைவாசிக் கதை. ரடேபேக்கு முன்பே லீட்ஸுக்கு ஒரு கறுப்புத் தென்னாபிரிக்கர் வந்திருந்தார். அல்பேர்ட் ஜொஹானசன். 1961இல் வந்த இடது பக்க விங்கர். கோல் அடிக்கிறவர், பார்க்கிறவர்களை எழும்பி நிற்க வைக்கிறவர். 1965இல் எஃப்ஏ கிண்ண இறுதியாட்டத்தில் ஆடிய முதல் கறுப்பு ஆபிரிக்கர் அவர்தான். லீட்ஸுக்கு வந்த புதிதில், வெள்ளை வீரர்களோடு ஒரே குளியல் தொட்டியில் இறங்கத் தனக்கு அனுமதி உண்டு என்பதையே அவரால் நம்ப முடியவில்லையாம். மைதானங்களில் அவருக்குக் கிடைத்தது குரங்குச் சத்தமும் வசையும். அதைப் பற்றி முறையிட அவருக்கு ஓர் இடமும் இருக்கவில்லை. ஆட்டம் முடிந்த பிறகு குடி. 1995 செப்டெம்பரில் லீட்ஸில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இறந்துபோனார். சில நாட்கள் கழித்துத்தான் கண்டெடுத்தார்கள். அந்த நேரம் ரடேபே அதே நகரத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்.

ஒரே நாடு, ஒரே நகரம், ஒரே கழகம். ஒருவர் 'சீஃப்', மற்றவரை நகரமே மறந்துவிட்டிருந்தது. ஏன்? மனவலிமை வித்தியாசம் எண்டு சொல்லிவிட்டுப் போகலாம். அது சோம்பேறித்தனமான பதில்.

இடையில் லீட்ஸில் ஒரு வேலை நடந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் எலன்ட் றோட் மைதான வாசலில் நஷனல் ஃப்ரண்ட் என்ற இனவெறிக் கட்சி தன் பத்திரிகையை வெளிப்படையாக விற்றது. லீட்ஸ் ரசிகர்கள் என்றாலே இனவெறியர்கள் என்ற பெயர் இருந்தது. 1987 அளவில் அந்த ரசிகர்களிலேயே சிலர், தொழிற்சங்கக்காரரோடு சேர்ந்து, எதிர்த்து நிற்கத் தொடங்கினார்கள். 'மார்ச்சிங் ஆல்டுகெதர்' என்று ஒரு சிற்றிதழ் அடித்து, அதே வாசலில் நின்று கையில் கையில் கொடுத்தார்கள். அடி விழும் என்று தெரிந்தும் வந்தார்கள். நீண்ட நாள் எடுத்தது. கடைசியில் வாசலில் நின்ற மற்றவர்கள் ஒதுங்கினார்கள். ரடேபே 1994இல் கால் வைத்தது அப்படித் துப்புரவாக்கப்பட்ட, முழுக்க இல்லாவிட்டாலும் ஓரளவு துப்புரவாக்கப்பட்ட, ஒரு மைதானத்தில்.

"அப்ப ரடேபேயின்ர திறமை ஒண்டுமில்லையோ?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. குண்டு பட்ட உடம்போடு வந்து, துணைக்கு வாங்கப்பட்டவராக இருந்து, தலைவரானது அவருடைய உழைப்பு. இனவெறிக்கு எதிராகவும் தென்னாபிரிக்கப் பிள்ளைகளுக்காகவும் வேலை செய்ததற்காக 2000இல் ஃபீஃபாவின் நேர்மை விருது அவருக்குக் கிடைத்தது. அந்த வேலையை அவரும் தொடர்ந்தார் என்பதுதான் அதன் அர்த்தம். நாங்கள் சொல்லுவது இவ்வளவுதான்: ஜொஹானசனுக்கும் திறமை இருந்தது. அவருக்குப் பின்னால் நிற்க ஒரு பெக் இருக்கவில்லை. வாசலில் இதழ் கொடுத்தவர்களும் பெக்மார்தான். அவர்கள் தடுத்த வசைகளை எந்தப் பட்டியலிலும் எண்ண ஏலாது, ஏனெண்டால் அவை நடக்கவில்லை.

2001இல் நெல்சன் மண்டேலா லீட்ஸுக்கு வந்தார். கூட்டத்தின் முன் ரடேபேயைக் காட்டி, இவர்தான் என் நாயகன் என்றார். அதற்குப் பிறகு கழகம் கடனில் விழுந்தது. ஃபேர்டினண்ட் உட்பட நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக விற்கப்பட்டார்கள், 2004இல் அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. பெரிய கழகங்கள் கேட்கின்றன என்ற பேச்சு அடிபட்ட நல்ல காலத்திலும் போகாத ரடேபே, அப்போதும் அங்கேதான் இருந்தார். 2005 மே மாதம் அவருடைய பிரியாவிடை ஆட்டத்துக்கு 30,000க்கும் மேல் சனம் வந்தது. அதில் சேர்ந்த காசு தொண்டு வேலைகளுக்குப் போனது. லீட்ஸில் உருவான ஓர் இசைக்குழு அவருடைய பழைய கழகத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது: கைசர் சீஃப்ஸ். அவர்களுடைய பாட்டைக் கேட்கிற பாதிப் பேருக்கு அது சொவெற்றோவின் பெயர் என்று தெரியாது.

எங்கட பெடியள் பெட்டையள் ஒவ்வொரு மாதமும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறார்கள். வென்றவர்களின் படம் முகநூலில் வரும். வெல்லாதவர்களின் கதையைக் கலியாண வீட்டில் மெல்லிய குரலில் கதைப்போம், "அவனிட்ட ஏதோ பிழை" எண்டு முடிப்போம். அடுத்த முறை அப்பிடி முடிக்க முதல் அல்பேர்ட் ஜொஹானசனை ஒருக்கா நினையுங்கோ. போன இடத்தில் அவனுக்குப் பின்னால் யார் நின்றார்கள் எண்டு கேளுங்கோ. அதே கேள்வியை எங்கட ஊருக்கு வேலை தேடி வருகிற வேற்று ஊர்க்காரரைப் பார்த்தும் கேட்கவேண்டும். அவர்களுக்குப் பெக் நிற்க வேண்டியது நாங்கள்தான்.