அக்காவுக்கு ஒரு ஸீட்

என் பெரியம்மா பொண்ணு டெக்ஸாஸில் நர்ஸாக இருக்கிறாள். வயது முப்பத்தாறு. ஐ.சி.யு.வில் வேலை, கை நிறையச் சம்பளம், தவணையில் ஒரு வீடு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் பையன். இப்படிப்பட்டவள் நிம்மதியாக இருக்கலாமா, கூடாதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"டேய், நான் மறுபடி படிக்கப் போறேன். மயக்க மருந்துப் படிப்பு."

நான் சந்தோஷப்படுவதற்குள் பெரியம்மா குறுக்கே புகுந்தாள். "ஏண்டா, அதுக்குத் தனியா டாக்டர் உண்டே? நர்ஸ் எப்படி மயக்க மருந்து குடுப்பா? பேஷன்ட் முழிச்சுக்கிட்டா?"

நியாயமான கேள்வி. நம்ம ஊரில் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கென்று மேல்படிப்பும் படித்தவர்தான் அந்த வேலையைச் செய்கிறார். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே நூறு வருஷத்துக்கு மேலாக நர்ஸுகளும் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். மின்னஸோட்டாவில் மேயோ சகோதரர்கள் ஆபரேஷன் செய்த காலத்தில், பக்கத்தில் ஈதர் சொட்டுவிட்டுக்கொண்டு நின்றவர் ஆலிஸ் மகாவ் என்ற நர்ஸ். 14,000-க்கும் அதிகமான பேருக்கு மயக்கம் கொடுத்தும், மயக்க மருந்தால் ஒருவர்கூடச் சாகவில்லை என்று 1906-ல் கட்டுரையே எழுதினார். இன்றைக்கும் பல கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் இந்த நர்ஸ்தான் அனஸ்தீஸியா டிபார்ட்மென்ட் முழுக்க.

இதைப் பெரியம்மாவிடம் விளக்கினேன். "அந்தம்மா 14,000 பேருக்குக் குடுத்தா. உங்க அக்கா இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கலையே" என்றாள். மேற்கொண்டு பேசவில்லை.

ஸீட் கிடைப்பது லேசில்லை. முதலில் நர்ஸிங் பட்டம். பிறகு குறைந்தபட்சம் ஒரு வருஷம் ஐ.சி.யு. அனுபவம். அது விதி, ஆனால் வரிசையில் நிற்கிறவர்கள் மூன்று, நாலு வருஷத்தோடு வந்து நிற்கிறார்கள். அதிலும் வென்டிலேட்டர், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்து ட்ரிப் இதெல்லாம் தினசரி பார்த்த அனுபவமாக இருக்கவேண்டும். ஸி.ஸி.ஆர்.என். என்று ஒரு பரீட்சை பாஸ் செய்திருந்தால் நல்லது. வேலை செய்கிற ஒரு மயக்க மருந்து நர்ஸின் வால் பிடித்துக்கொண்டு ஒரு நாளாவது ஆபரேஷன் தியேட்டரில் நிற்கவேண்டும். மார்க்கு நாலுக்கு மூன்றாவது இருக்கவேண்டும். (நூற்றுக்கு முப்பத்தைந்துக்குத் தேங்காய் உடைத்த எனக்கு இதைக் கேட்டே மயக்கம் வந்தது.)

இதில் அக்காவுக்குத் தனிச் சோதனை ஒன்று. கெமிஸ்ட்ரி படித்துப் பல வருஷமாகிவிட்டதாம், செல்லாதாம். பாலுக்குத் தேதி போடுகிற மாதிரி பாடத்துக்கும் காலாவதித் தேதி வைத்திருக்கின்றன பல கல்லூரிகள். நைட் ஷிப்ட் முடித்து, பையனை ஸ்கூலில் விட்டுவிட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்தாள். என்னை 'ஆன்ட்டி'ன்னு கூப்பிடாததுதான் பாக்கி என்றாள்.

இனி என் பங்கு. இங்கே படித்த மார்க்குப் பட்டியலைப் பல்கலைக்கழகமே கவரில் போட்டு, ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் சீல் குத்தித் தரவேண்டும். யார் வாங்குவது? பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு எழுதுகிறவன், அதாவது சும்மா இருப்பவன்.

ஆபீஸ் பெயர் வேண்டாம். மூன்றாம் கவுன்ட்டரில் நாலாம் கவுன்ட்டர் என்றார்கள். நாலாம் கவுன்ட்டர்க்காரர் சாப்பிடப் போயிருந்தார். பிறகு கவர் வந்தது, சீல் வரவில்லை. சீல் வந்தது, மையில்லை. ஐந்தாவது நாள் எல்லாம் ஒன்றுகூடி வந்தபோது எனக்கே ஸீட் கிடைத்த மாதிரி இருந்தது.

இன்டர்வியூ. மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். பேஷன்ட்டுக்கு பி.பி. விழுகிறது, என்ன மருந்து, அது உடம்பில் எங்கே போய் வேலை செய்கிறது, அதற்கும் அசையாவிட்டால் அடுத்தது என்ன? எல்லாவற்றுக்கும் படபடவென்று பதில். கடைசியில், "வேலையில் நீங்கள் செய்த தப்பு ஒன்று சொல்லுங்கள்."

அக்கா சிரித்துக்கொண்டே, "எனக்கு எல்லாமே கரெக்டா இருக்கணும். அதுதான் என் தப்பு" என்றாளாம்.

இரண்டு வாரத்தில் 'வருந்துகிறோம்' என்று ஈமெயில் வந்துவிட்டது.

அன்று போனில் ரொம்ப நேரம் பேசவில்லை. பெரியம்மாதான், "போகட்டும், உள்ள வேலை போதும்" என்றாள். நானும் என் பி.காமை எடுத்து வீசினேன். படிப்பு 36 மாசம். அந்த நாளில் வேலைக்குப் போவது நடக்காத காரியம்; மூன்று வருஷச் சம்பளம் பற்றில். ஃபீஸ் பல இடங்களில் லட்சம் டாலரைத் தாண்டுகிறது. அதுவும் பற்றில், வட்டியோடு. 2022-லிருந்து சேருகிறவர்கள் எல்லோரும் டாக்டர் பட்டத்துக்கே படிக்கவேண்டும். முடித்தால் வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் சகஜம், அது வரவில். "கணக்கு நேராகும்க்கா, ஆனா நாற்பதைத் தாண்டித்தான்" என்றேன்.

"கணக்குக்காக இல்லடா" என்றாள். "வேற ஒண்ணு இருக்கு."

அப்போதுதான் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முந்தி, ஒரு நைட் ஷிப்ட். வயதானவர் ஒருவருக்கு பி.பி.யைத் தாங்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது. பை தீர்ந்து புதுப் பை மாட்டினாள். புதுசு இரண்டு மடங்கு ஸ்ட்ராங். பம்ப்பில் பழைய கணக்கே இருந்தது. மானிட்டரில் பி.பி. ஏற ஆரம்பித்ததும் புரிந்துவிட்டது. குறைத்தாள். இரண்டு நிமிஷம்தான். மனுஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை, தூங்கிக்கொண்டே இருந்தார். யாரும் பார்க்கவில்லை. இவளே போய் டாக்டரை எழுப்பிச் சொன்னாள், சார்ஜ் நர்ஸிடம் சொன்னாள், ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். காலையில் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அழுதாள்.

"இதை ஏன் இன்டர்வியூல சொல்லல?"

"சொன்னா ஸீட் தருவானா?"

"சொல்லாமலும் தரலியே!"

மறுவருஷம் திரும்ப மனுப் போட்டாள். இந்தத் தடவை வேறு கல்லூரி. அதே கேள்வி வேறு வாயிலிருந்து வந்தது. பை, பம்ப், இரண்டு நிமிஷம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஓர் அம்மாள் மட்டும், "அதற்கப்புறம் என்ன மாற்றிக்கொண்டீர்கள்?" என்றாராம். "பை மாட்டினவுடனே லேபிளையும் பம்ப்பையும் விரல் வைத்து வாய்விட்டுப் படிப்பேன். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரையும் படிக்கச் சொல்வேன். சிரிப்பார்கள். பரவாயில்லை." அந்த அம்மாள் சிரிக்கவில்லையாம், எழுதிக்கொண்டாராம்.

ஒன்பது நாள் கழித்து இங்கே ராத்திரி இரண்டு மணிக்கு போன். கிடைச்சிடுச்சுடா என்று ஒரே அழுகை. பெரியம்மாவை எழுப்பினேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மூணு வருஷத்துக்குப் பிள்ளையை யார் பாத்துப்பா?" என்றாள். மறுநாள் காலையில் என்னிடம் மெதுவாக, "பாஸ்போர்ட் எடுக்க என்னடா வேணும்?" என்றாள்.

கடைசிச் செய்தி. சேருவதற்கு முன்னால் அந்தக் கல்லூரிக்குப் புதிதாக ஒரு மார்க்குப் பட்டியல் வேண்டுமாம். ஒட்டின கவர், மேலே சீல். போனேன். நாலாம் கவுன்ட்டர்க்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன ஸார், அந்தப் பொண்ணு இன்னும் சேரலியா?"

"ஸீட் கிடைச்சிடுச்சு ஸார், அதுக்குத்தான்."

அவர் மேஜை டிராயரைத் திறந்தார். புது மைப்பெட்டி. சீலை நன்றாகத் தோய்த்து, கவரின் மேல் மூன்று இடத்தில் குத்தினார்.