தடவினால் குழையும் பூனை திடீரெனக் கடிப்பதேன்?

ஆறாம் வகுப்பில் பயிலும் தம் மகனைப் பற்றித் தாய் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். அவர்கள் இல்லத்தில் வளரும் பெட்டைப் பூனை மாலைதோறும் பையனின் மடியில் வந்து படுத்துக்கொள்ளுமாம். அவன் தடவிக்கொடுக்க, அது கண்களை மூடிக்கொண்டு ‘குர்ர்... குர்ர்’ என்று ஒலியெழுப்புமாம். அண்மையில் ஒரு நாள், அவ்விதம் இன்புற்றுக் கிடந்த பூனையே சட்டெனத் திரும்பி அவன் கையைக் கடித்துவிட்டது. சினங்கொண்ட தந்தையார், அதனைச் சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டுவர வேண்டுமென்கிறார். பையனோ அன்று முதல் சரிவர உண்பதில்லை. “தடவலை விரும்பித்தானே வந்து படுத்தது? பின் ஏன் கடித்தது? பூனை நன்றிகெட்ட பிராணி என்று பெரியோர் சொல்வது மெய்தானா?” என்பது அத்தாயின் வினா.

விடைக்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பூனைக்கடியாலும் வெறிநோய் வரக்கூடும். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவ வேண்டும்; அன்றே மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் சொன்னால் தடுப்பூசியைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும். கடித்த பூனையைப் பத்து நாள்கள் கண்காணித்து வருவதும் வழக்கம். அது நலமாக இருக்கிறதா என்பதறிந்தே மருத்துவர் மேற்கொண்டு முடிவு செய்வார். அதனை எங்கோ கொண்டுபோய் விட்டுவிட்டால் இந்தச் செய்தி கைநழுவிப் போகும். ஆகவே சாக்கைத் தேடும் தந்தையார், வேறெதற்கும் இல்லையெனினும் மகனின் நலம் கருதியேனும் பொறுத்திருத்தல் வேண்டும்.

இனி வினாவுக்கு வருவோம். பூனைக்குட்டி பிறக்கும்போது அதன் கண்கள் மூடியிருக்கும், செவியும் கேளாது. உலகம் என அது முதலில் அறிவதெல்லாம் தாயின் வெதுவெதுப்பு, தாயின் மணம், தாயின் நாக்கு ஆகிய மூன்றுமே. தாய்ப்பூனை குட்டியை நக்கி நக்கித் துப்புரவு செய்கிறது. அது மட்டுமன்று, முதல் சில வாரங்களில் தாய் அடிவயிற்றை நக்கிவிட்டாலன்றிக் குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்கவும் இயலாது. அந்த நாக்கை நம் விரலால் தொட்டுப் பார்த்தவர்கள் அதன் சொரசொரப்பை அறிவர். நம் நகம் எப்பொருளால் ஆனதோ அப்பொருளாலேயே ஆன நுண்ணிய கொக்கிகள் அதில் உள்நோக்கி வளைந்து நிற்கின்றன. அக்கொக்கிகளின் நுனி சிறு அகப்பைபோல் குழிந்திருப்பதையும், எச்சிலை அது முகந்து மயிரின் அடிவரை கொண்டுசேர்ப்பதையும் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதுகின்மீது மெல்ல ஊர்ந்து செல்லும் நம் கை, வளர்ந்த பூனைக்கு அந்த நாக்கையே நினைவூட்டுகிறது என அறிஞர் பலர் கருதுகின்றனர். மடியிலேறிய பூனை முன்னங்கால்களால் நம் துணியை மாறிமாறி மிதித்துப் பிசைவதை எத்தனை முறை கண்டிருக்கிறோம்! பால் சுரக்கத் தாயின் மடியைக் குட்டி பிசைந்த அதே செய்கை அது.

இதற்கு உடலமைப்பிலும் ஒரு காரணம் உண்டு. சுவீடன் நாட்டு உடலியல் அறிஞர் இங்வே ஸொட்டர்மன் 1939-இல் பூனையின் தோலிலுள்ள நரம்பிழைகளை ஆராய்ந்தார். வலியைக் கடத்துவனவற்றை ஒத்த மிக மெல்லிய, மெதுவான இழைகளுள் சில, இலேசான தொடுகைக்கும் மறுமொழி தருவதை அவர் கண்டார். பின்னாளில் மனிதத் தோலிலும் இத்தகைய இழைகள் உண்டெனத் தெரிந்தது. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் தடவும்போதுதான் அவை மிகுதியாகக் கிளர்ச்சியடைகின்றன. மக்கள் மிக இனியதாக உணரும் வேகமும் அதுவே என்று 2009-இல் சுவீடன் ஆய்வாளர் காட்டினர். குழந்தையின் தலையை வருடும் தாய் எந்த அளவுகோலும் இன்றி இவ்வேகத்தைக் கைக்கொண்டு விடுகிறாள். அது நிற்க. கிள்ளினால் வாளாவிருந்து, தடவினால் மட்டும் விழித்தெழும் நரம்பணுக்களைச் சுண்டெலிகளில் கலிபோர்னியாவில் 2013-இல் கண்டறிந்தனர். ஆக, தடவல் தரும் இன்பம் பூனை நமக்காக நடிக்கும் நடிப்பன்று.

ஆனால் உடல் முழுவதும் ஒன்றுபோல் இன்பம் தருவதில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். பூனையின் கன்னம், மோவாய், கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட நெற்றிப்பொட்டு, வாலின் அடி ஆகிய இடங்களில் மணச் சுரப்பிகள் உள்ளன. அது நம் காலில் கன்னத்தைத் தேய்க்கும்போது தன் மணத்தை நம்மேல் பூசி, ‘இவர் நம்மவர்’ என்று குறித்துக்கொள்கிறது. கூடி வாழும் பூனைகளும் வாலை நிமிர்த்தியபடி எதிர்வந்து ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். ஒன்றையொன்று நக்குவதும் பெரும்பாலும் தலையிலும் கழுத்திலுமே. ஆகவே கன்னத்தையும் காதடியையும் வருடினால் அதன் வழக்கப்படி உறவினரை வரவேற்றதாகும். நெற்றிப்பொட்டைத் தடவுவதையே பூனைகள் பெரிதும் விரும்புவதாக 2002-இல் ஓர் ஆய்வு கண்டது. வாலடியைத் தொட்டபோதே வெறுப்பின் அறிகுறிகள் மிகுந்தன என இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2015-இல் எழுதினர். வாலடியிலும் மணச் சுரப்பி இருந்தும் ஏன் இப்படி என்று கேட்கலாம். சுரப்பி இருப்பதால் மட்டும் பிறர் கை அங்கே வரவேற்கப்படும் என்பதில்லை.

வயிற்றைப் பற்றியும் ஒரு சொல். பூனை நம்முன் மல்லாந்து படுத்தால், அது நம்மை நம்புகிறது என்பதே பொருள். வயிற்றைத் தடவு என்று அழைப்பதாகப் பொருளில்லை. உடலில் காக்க வேண்டிய மென்மையான இடம் அது. அங்கே கை வைத்தவுடன் நான்கு கால் நகங்களும் பாயும். சிறுவர் பலர் கீறல் வாங்குவது இவ்வாறுதான்.

மடலில் வரும் பையன் எங்கே தடவினான் என்பது நமக்குத் தெரியாது. எங்கே தடவினாலும், இன்பத்துக்கும் ஓர் அளவுண்டு. ஒரே இடத்தில் நெடுநேரம் தடவத் தடவ அது உறுத்தலாக மாறிவிடும். பூனை முன்னறிவிப்பின்றிக் கடிப்பதும் அரிது. வால் நுனி விடுக்விடுக்கென்று அடிக்கத் தொடங்கும். முதுகுத் தோல் அலைபோல் சிலிர்க்கும். காதுகள் பின்னோக்கித் திரும்பும். தலை நம் கையை நோக்கி வளையும். ‘குர்ர்’ ஒலி கேட்கிறதே என்று நாம் இவற்றையெல்லாம் பாராதிருக்கிறோம். அவ்வொலியை மட்டும் நம்புவதற்கில்லை. பால் குடிக்கும் குட்டியும் அவ்வாறு ஒலிக்கும். ஈனும் வேளையிலும், நோயுற்றுச் சாகக் கிடக்கும்போதும்கூடப் பூனை அவ்வாறே ஒலிக்கும். உணவு கேட்கும்போது எழும் ‘குர்ர்’ ஒலியினுள் குழந்தையின் அழுகையை ஒத்த ஓர் ஓசை ஒளிந்திருப்பதைச் சஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2009-இல் எடுத்துக்காட்டினர். நம்மை எழுப்பி அடுக்களைக்கு அனுப்பும் வித்தை அதற்குத் தெரிந்திருக்கிறது!

நன்றிகெட்ட பிராணி என்னும் பழிக்கு வருவோம். இப்பழியை நாம் ஏற்பதற்கில்லை. நாயின் முன்னோர் கூட்டமாக வாழ்ந்து, தலைமைக்கு அடங்கிப் பழகியவை. வீட்டுப் பூனையின் முன்னோரோ மேற்காசியப் பகுதியின் காட்டுப் பூனைகள் என 2007-இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி காட்டியது. அவை தனித்து வேட்டையாடுபவை. களஞ்சியத்து எலிகளைத் தேடித் தாமாக மனிதரிடம் வந்தவை அவை என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. சைப்பிரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழி ஒன்றில் மனிதனுக்கு அருகே பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004-இல் அறிவித்தனர். அத்தீவுக்குப் பூனை இயற்கையாக உரியதன்று. மனிதர்தாம் படகில் ஏற்றிச் சென்றிருத்தல் வேண்டும். இத்தனை நெடிய உறவிலும் ஏவல் கேட்பதற்காக எவரும் அதனைப் பழக்கவில்லை. மடிக்கு வருவதும் இறங்கிப் போவதும் அதன் விருப்பம்.

அவ்விருப்பமும் பெரும்பாலும் குட்டிப் பருவத்திலேயே உருவாகிவிடுகிறது. பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் எய்லீன் கார்ஷ் அம்மையார் 1980-களில் செய்த ஆய்வுகளின்படி, பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டிகளே பின்னர் மனிதரை நாடி வருகின்றன. பரணில் பிறந்து, எவரும் தொடாமல் மூன்று மாதம் வளர்ந்த குட்டி, கட்டிலுக்கடியில் பதுங்குவதில் வியப்பில்லை. வீட்டில் பூனை ஈன்றிருந்தால், தாய் சினவாத வேளை பார்த்துக் குட்டிகளைச் சிறுவர் நாள்தோறும் சிறிது நேரம் மென்மையாகக் கையிலெடுத்துப் பழகட்டும். தாயிடமிருந்து விரைவில் பிரித்தல் ஆகாது.

பையனுக்கு நாம் சொல்வது இது. முதலில் விரலை நீட்டி முகரவிடு. கன்னத்தையோ மோவாயையோ மூன்று நான்கு முறை வருடிவிட்டுக் கையை எடுத்துவிடு. தலையை மீண்டும் உன் கையில் முட்டினால் தொடரலாம், முட்டாவிட்டால் சும்மாயிரு. பூனையை நோக்கிக் கண்களை மெதுவாகச் சுருக்கி மூடித் திறந்தால் அதுவும் அவ்வாறே செய்யக்கூடும் என்று 2020-இல் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். கை வலி ஆறும்வரை அதைச் செய்து பார்.

அத்தாய்க்கு ஒரு குறிப்பு: பூனையின் வயதை மடலில் எழுதவில்லை. நெடுநாள் தடவலை விரும்பிய பூனை திடீரென வெறுக்கத் தொடங்கினால், அதிலும் வயது முதிர்ந்ததாயின், மூட்டிலோ பல்லிலோ நோவு இருக்கக்கூடும். தடவிய இடத்திலேயே புண் மறைந்திருக்கவும் கூடும். மயிரை விலக்கிப் பாருங்கள். ஐயமிருப்பின் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குக் கூடையில் வைத்துக் கொண்டுசெல்லுங்கள். பத்து நாள் கண்காணிப்பைப் பற்றியும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.