வீட்டுப் பேச்சை விட்டால்தான் படிப்பு ஏறுமா?

பாலக்கோடு தக்காளி மண்டியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்குகின்றன. எதிரே நிற்பவரின் மொழிக்கு மாறி விலை பேசத் தெரிந்த வியாபாரியை ஊர் கெட்டிக்காரர் என்கிறது. அதே தருமபுரி மாவட்டத்தின் மலையடிவாரத்திலிருந்து ஓர் இருளர் பழங்குடிக் குழந்தை பள்ளிக்கு வந்தால் மட்டும் அறிவுரை மாறிவிடுகிறது: வீட்டிலும் தமிழே பேசுங்கள், அந்தப் பேச்சை விட்டால்தான் பிள்ளைக்குப் படிப்பு ஏறும்.

இந்த நம்பிக்கை தவறு. அதன் விலையையும் ஏழைகளே கொடுக்கிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் சுமார் 1.9 லட்சம் பேர். நாடு முழுவதும் இருளர் மொழியான இருளத்தைத் தாய்மொழி என்று பதிந்தவர்களோ 11,870 பேர்தான். அந்த எண்ணிக்கையும் தமிழின் கீழேயே சேர்க்கப்பட்டது. இருளம் தமிழுக்கு நெருங்கிய உறவுள்ள தனிமொழி என்று 1968இலேயே தம் ஆய்வேட்டில் காட்டினார் மொழியியலாளர் ழெரார் டிஃப்லாத். 1973 முதல் இன்னொரு மொழியியலாளரான கமில் சுவெலபில் அதை விரிவாக ஆராய்ந்து நூல்கள் வெளியிட்டார். கொச்சைத் தமிழ் என்று அதை ஒதுக்குவோருக்கு இதற்கு மேலும் சான்று தேவையில்லை.

வீட்டுப் பேச்சுதான் தடை என்றால், தமிழுக்கு மாறிவிட்ட இருளர்கள் எப்போதோ முன்னேறியிருக்க வேண்டும். செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமைகளாக இருந்து மீட்கப்பட்ட இருளர்களில் தமிழ் பேசுவோர் ஏராளம். பட்டா இல்லை, சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை, பள்ளி தொலைவில் இருக்கிறது. தடை அங்கே இருக்கிறது.

வீட்டுமொழியை ஒதுக்குவதால் தடை நீங்காது என்பதற்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. தான்சானியாவில் 120க்கும் மேற்பட்ட மொழிகள் உண்டு. 1967இல் தொடக்கக் கல்வி சுவாகிலிக்கு மாறியது. நாட்டை ஒன்றிணைத்த பெருமை அதற்கு உண்டு. ஆனால், தன் வீட்டுமொழிக்கு வகுப்பறையில் இடமில்லாமல் சுவாகிலியில் படித்த பிள்ளை, உயர்நிலைப் பள்ளியில் பயிற்றுமொழியாக வரும் ஆங்கிலத்தின் முன் மறுபடியும் திகைத்து நிற்கிறது.

மாற்று வழி தொலைவில் இல்லை. ஒடிசா 2006 முதல் பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்கும் ஆங்கிலத்துக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வழிசெய்யுமாறு அரசியலமைப்பின் 350அ பிரிவும் சொல்கிறது.

1938இலும் 1965இலும் இன்னொரு மொழியின் திணிப்பை எதிர்த்துச் சிறை சென்ற மண் இது. அன்று தமிழுக்காகக் கேட்ட நியாயத்தை இருளத்துக்கு மறுக்க நமக்கு உரிமை இல்லை. இருளர் ஊர்களின் பள்ளிகளில் முதலிரண்டு வகுப்புகளுக்கேனும் தமிழ் எழுத்திலேயே இருள மொழிப் பாடநூல்களை அரசு தரட்டும். அவற்றை எழுத இருளர்களையே அழைக்கட்டும். ஆசிரியர்களும் அதுவரை காத்திருக்க வேண்டாம். வீட்டுப் பேச்சில் பதில் சொல்லும் பிள்ளையை, நாளை முதல் திருத்தாமல் கேளுங்கள்.