நிற்பவருக்கு ஒரு நாற்காலி

மேற்கு மாம்பலம். ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி. அயோத்தியா மண்டபத்துக்கு வந்தவர்கள், மாம்பலம் ரெயில் நிலையத்தில் இறங்கியவர்கள், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி! ஆரிய கவுடா ரோட்டுப் பக்கம் ஓட்டல்களில் உட்கார இடம் இல்லை.

அந்தக் கூட்டத்தின் நடுவே ஒருவர் நிற்கிறார். கையில் தட்டு இல்லை. கல்லாவிலும் அவர் உட்காரவில்லை. "சும்மா நிற்கிறாரே!" என்று சிலர் நினைப்பார்கள்.

அவர்தான் சூப்பர்வைசர். சர்வர்களுக்கெல்லாம் தலைவர். 1964-ல் வந்த "சர்வர் சுந்தரம்" படத்தில் நாகேஷ் நடித்தார். சர்வரின் பாடு ஊருக்குத் தெரிந்தது. சூப்பர்வைசரின் பாடு யாருக்குத் தெரியும்?

கண்ணில் இருக்கிறது வேலை

எந்த மேஜை காலி? முதலில் வந்தவர் யார்? குழந்தைக்கு இட்லி வந்ததா? பெரியவர் மறுபடி சாம்பார் கேட்டாரே, கிடைத்ததா? எல்லாவற்றையும் அவர் பார்க்க வேண்டும். தோசை தாமதமானால் சமையல்கட்டுக்கு ஓடுவார். பில்லில் தகராறு என்றால் சமாதானம் செய்வார். புதிதாக வந்த பையனுக்குப் பரிமாறக் கற்றுக் கொடுப்பதும் அவரே. சாப்பிட வந்தவரின் கோபம், முதலாளியின் கோபம், இரண்டும் அவர் தலையில்தான் விழும்.

இத்தனையும் நின்றபடியே! நாள் முழுவதும் நின்றால் கால் வீங்கும். இடுப்பு வலிக்கும். நரம்பு சுருட்டிக் கொள்ளும்.

சட்டம் சொல்வது என்ன?

தமிழ்நாடு சட்டசபை 2021-ம் ஆண்டு செப்டம்பரில், கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்து தர வேண்டும். வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். இதுதான் திருத்தம். துணிக்கடையில் மட்டும் அல்ல, ஓட்டலிலும் இந்த வசதி வேண்டும்.

"உட்கார்ந்தால் மேஜைகள் கண்ணில் படுமா?" என்று முதலாளி கேட்கலாம். உயரமான ஸ்டூல் ஒன்று போட்டால் நன்றாகவே படும்! கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துதான் பணம் வாங்குகிறார். அவரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லையே!

ஸ்டூல் போட்டால் மட்டும் போதாது. அவர் உட்காரும்போது முகம் சுளிக்காத மனமும் வேண்டும். அது சாப்பிட வருகிறவர்களிடம் இருக்கிறது.

வருகிறவர்களை எல்லாம் "உட்காருங்கள்" என்று நாள் முழுவதும் உபசரிக்கிறவர் அவர். அந்த ஒரு சொல்லை அவருக்கும் சொல்லலாமே!