டெபிட்டில் பேசும் எழுத்து, டெட்டில் ஏன் ஊமை?

பி.காம் முதலாண்டு விடைத்தாள் கட்டு ஒன்றைப் பிரித்தால் 'ரிசீட்' என்ற சொல் நாலு விதமாகச் செத்துக் கிடக்கும்! ஒருவர் பென்சிலில் வருகிற அந்த 'பி'யை விட்டிருப்பார். இன்னொருவர் ஈ, ஐ இரண்டையும் இடம் மாற்றியிருப்பார். சிலர் இரண்டு தப்பையும் சேர்த்தே செய்திருப்பார்கள். பேலன்ஸ் ஷீட் மட்டும் சரியாக டேலி ஆகியிருக்கும். ஆனாலும் தமிழ் மீடியத்திலிருந்து வந்த பையன் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும், பத்து தடவை இம்போசிஷன் எழுத வேண்டும். பத்தாவது தடவை எழுதும்போதும் அந்த 'பி' எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்வதும் இல்லை.

சொல்வதற்கு இரண்டு நிமிடம் போதும். கடனைக் குறிக்கும் 'டெட்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதில் பஸ்ஸில் வருகிற 'பி' கிடையாது. இதன் மூலம் லத்தீனில் 'டெபிட்டம்' அல்லவா என்று பின்னாளில் பண்டிதர்கள் அந்த எழுத்தைச் செருகினார்கள். ஜனங்கள் உச்சரிப்பை மாற்றவில்லை! 'டெபிட்' அதே லத்தீனிலிருந்து எழுத்தும் ஒலியுமாக வந்தது, அதனால் அங்கே அது பேசுகிறது. ரிசீட்டின் 'பி'யும் இதே மாதிரி லத்தீனைப் பார்த்துச் சேர்த்ததுதான். வேடிக்கை என்னவென்றால், அதன் பங்காளியான 'டிசீட்'டுக்கு அந்த 'பி' நிலைக்கவில்லை. இந்தக் கதையை ஒரு தடவை கேட்டவன் அந்த 'பி'யை லேசில் விடமாட்டான்.

அடுத்தது 'சி'க்குப் பிறகு தவிர மற்ற இடங்களில் ஈ-க்கு முன்னால் ஐ' என்ற பிரபலமான விதி. இதைக் கற்றுக்கொடுப்பதே வீண் என்று 2009-ல் இங்கிலாந்து அரசின் வழிகாட்டி ஒன்று ஆசிரியர்களுக்குச் சொன்னது. அது அவசரத் தீர்ப்பு. விதியில் கோளாறு இல்லை, பாதியை வெட்டிவிட்டுச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'ஈ' என்று நீண்டு ஒலிக்கும் இடத்துக்கு மட்டும்தான் அது. பிலீவ், அச்சீவ், ஃபீல்டு ஒரு பக்கம், ரிசீவ், சீலிங் இன்னொரு பக்கம். ஃபாரின், ஃபிரெயிட், எஃபிஷியன்ட் எல்லாம் அப்படி ஒலிப்பதில்லை, அதனால் கணக்கிலேயே வராது. மிச்சம் நிற்பது சீஸ், வியர்டு, ஸ்பீஷிஸ் போன்ற கொஞ்சம் சொற்கள். அவற்றை மனப்பாடம் செய்தால் போகிறது.

எழுத்து இரட்டிப்பதுதான் உண்மையிலேயே கஷ்டமான இடம். 'கமிட்டட்' என்பதில் கடைசி டி இரட்டிக்கும், 'கிரெடிட்டட்' என்பதில் இரட்டிக்காது. காரணம் அழுத்தம். ஒற்றை உயிரெழுத்தும் ஒற்றை மெய்யெழுத்துமாக முடிகிற சொல்லில், கடைசி அசையில் அழுத்தம் விழுந்தால் இரட்டிக்கும். 'ப்ரிஃபர்டு'க்கு இரண்டு ஆர், 'ப்ரிஃபரன்ஸ் ஷேர்' என்றால் ஒரே ஆர். அழுத்தம் முன்னால் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். தமிழில் அழுத்தத்தை மாற்றிச் சொன்னால் பொருள் மாறாது, ஆகவே தமிழ்க் காது இதைக் கவனித்துப் பழகவில்லை. இதை அறிவுக்குறைவு என்று நினைத்துத் திட்டுகிற ஆசிரியர்கள் ஒரு தடவையாவது சொல்லை வாய்விட்டுச் சொல்லிக் காட்டலாமே?

போதாததற்கு கம்ப்யூட்டர் வேறு. அமெரிக்க ஆங்கிலத்தில் வைத்திருந்தால், பாடப்புத்தகத்தில் உள்ள 'லேபர்' என்ற சொல்லின் யு-வுக்குச் சிவப்புக் கோடு போடும். நோவா வெப்ஸ்டர் 1828-ல் தன் அகராதியில் அந்த யு-வைக் கழித்துவிட்டார். கோட்டைப் பார்த்துப் பயந்து மாணவி யு-வை அழிக்கிறாள், பரீட்சையில் அதற்கும் ஒரு வட்டம்! இரண்டு எழுத்துமுறையும் சரிதான், ஒரே தாளில் கலக்காமல் இருந்தால் போதும் என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த வட்டமே விழுந்திருக்காது.

விதியே தேவைப்படாத சொல்லும் ஒன்று உண்டு: புக்கீப்பிங். இரண்டு ஓ, இரண்டு கே, இரண்டு ஈ, மூன்று ஜோடியும் வரிசையாக. புக், கீப்பிங் என்று பிரித்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். அந்தப் பாடத்தின் பேரிலேயே ஒரு கே-யைத் தின்றுவிட்டு எழுதுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.