காற்று பொது, புகை யாருடையது?

மல்லேஸ்வரத்தின் சம்பிகே சாலை செண்பக மரத்தின் பெயரைத் தாங்கியது. அதற்கு இணையாகச் செல்லும் மார்கோசா சாலை வேப்பமரத்தின் பெயரைத் தாங்கியது. 1898ஆம் ஆண்டு பெங்களூருவைப் பிளேக் நோய் உலுக்கியபோது, நெரிசல் மிகுந்த பழைய பேட்டைப் பகுதியை விட்டு வெளியேறியவர்கள் குடியேறி வளர்ந்த ஊர் இது. அகன்ற தெருக்கள், வெளிச்சம், காற்றோட்டம் ஆகியவையே இதன் சிறப்பு. வசதி உள்ளவர்கள் நல்ல காற்று இருக்கும் இடத்திற்குப் பெயர்ந்துவிடுவதுதான் அன்றைய தீர்வாக இருந்தது.

அந்தத் தீர்வு இன்று எவருக்கும் எஞ்சவில்லை. செண்பகச் சாலையில் இன்று மணப்பது டீசல். ஆயினும் எல்லோரும் ஒரே அளவில் அதைச் சுவாசிப்பதில்லை. பொழுது புலரும் வேளையில் துடைப்பத்துடன் தெருவில் இறங்கும் பௌரகார்மிகர்களே முதல் மூச்சை இழுக்கிறார்கள். குளிர்கால விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கிறது. புகையும் தூசும் மேலெழ வழியின்றி அதற்குள்ளேயே தங்கிவிடுகின்றன. நகரத்தின் காற்று மிகவும் கெட்டிருக்கும் அந்த நேரத்தில்தான் அவர்கள் குனிந்து பெருக்குகிறார்கள்.

காற்று மாசு என்பது ஒரே பொருளன்று. அதன் வகைகளைப் பிரித்தறிவது அறிவியலுக்கு மட்டுமல்ல, அரசியலுக்கும் அவசியம். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. ஒவ்வொரு பிறப்பிடத்திற்குப் பின்னும் யாரோ எடுத்த ஒரு முடிவு உண்டு.

கண்ணுக்குத் தெரியும் தூசும் தெரியாத துகளும்

முதல் வகை, பத்து மைக்ரான் வரையிலான துகள்கள் (பி.எம். 10). தோண்டிப் போட்ட சாலைகள், கட்டுமானக் களங்கள், மூடப்படாத மணல் லாரிகள் ஆகியவற்றிலிருந்து கிளம்பும் தூசு இதில் பெரும்பங்கு. இரண்டாவது வகை, இரண்டரை மைக்ரானுக்குட்பட்ட நுண்துகள்கள் (பி.எம். 2.5). தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே இவற்றின் அளவு. டீசல், நிலக்கரி, விறகு, குப்பை என எது எரிந்தாலும் இவை பிறக்கின்றன. நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று, இரத்தத்திலும் கலந்து, இதயத்தையும் மூளையையும் தாக்குபவை இவைதான்.

பி.எம். 2.5 துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டுச் சராசரி வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்திய அரசு 2009இல் வகுத்த வரம்பு 40. எட்டு மடங்கு! தில்லியோடு ஒப்பிட்டுப் பெங்களூரு தன் முதுகைத் தட்டிக்கொள்வதன் இரகசியம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. இந்திய வரம்புக்குள் நிற்கும் நகரம்கூட நோய்க்குள் நிற்கும் நகரமாக இருக்க முடியும்.

2019 ஜனவரியில் ஒன்றிய அரசு தேசியத் தூய காற்றுத் திட்டத்தை அறிவித்தது. ஆனால் நகரங்களின் முன்னேற்றத்தை அளக்க எடுத்துக்கொண்ட அளவுகோல் பி.எம். 10. விளைவு என்ன? அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, இத்திட்டத்தில் செலவான நிதியில் 64 விழுக்காடு சாலைத் தூசைக் கட்டுப்படுத்தவே போயிற்று. தொழிற்சாலை மாசைக் கட்டுப்படுத்தச் சென்றது ஒரு விழுக்காடுகூட இல்லை. தண்ணீர் தெளிக்கும் வண்டிகளும் பெருக்கும் இயந்திரங்களும் வாங்கப்பட்டன. தூசு தேவையற்ற கவலை என்பதல்ல. எரிப்பவர்களைக் கேள்வி கேட்பதைவிடத் தெருவில் தண்ணீர் தெளிப்பது எளிது என்பதே உண்மை.

வாயுக்களின் முகவரி

மூன்றாவது வகை, வாயுக்கள். வாகனங்களும் டீசல் ஜெனரேட்டர்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கார்பன் மோனாக்சைடையும் உமிழ்கின்றன. நிலக்கரி எரியும்போது கந்தக டை ஆக்சைடு வெளிவருகிறது. நான்காவது வகை, எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வெளிவராதது. நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றிலிருந்து எழும் ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன. வானுயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன், தரைமட்டத்தில் மூச்சுக்குழாயை அரிக்கும். வாகனங்கள் நெருக்கும் சாலையைவிடச் சற்றுத் தள்ளியுள்ள மரநிழலில் பிற்பகலில் ஓசோன் கூடுதலாக இருப்பதும் உண்டு. பூங்காவுக்குப் பக்கத்தில் வீடு வாங்கியவருக்கும் தப்பிக்க வழியில்லை.

கந்தக டை ஆக்சைடும் அவ்வாறே பயணிக்கிறது. காற்றில் சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வந்து, அனல்மின் நிலையத்தைக் கண்ணால் பார்த்திராத குழந்தையின் நுரையீரலில் இறங்குகிறது. அதைத் தடுக்கும் கருவிகளை எல்லா நிலக்கரி மின்நிலையங்களும் பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. இறுதியில், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு ஒன்றிய அரசு விலக்கே அளித்துவிட்டது. மின் நிறுவனங்களுக்கு மிச்சமான செலவு, மக்களின் மருத்துவமனைச் சீட்டுகளில் எழுதப்படும்.

‘வாகனம்’ என்ற சொல் மறைப்பது

பெங்களூருவின் மாசுக்கு வாகனங்களே முதற்காரணம் என்று ஆய்வுகள் தொடர்ந்து கூறுகின்றன. உண்மைதான். ஆனால் ‘வாகனம்’ என்ற பொதுச்சொல் பழியை ஆட்டோ ஓட்டுநர் தலையிலும், தவணையில் இருசக்கர வண்டி வாங்கிய உணவு விநியோகத் தொழிலாளி தலையிலும் இறக்கிவிடுகிறது. நகரத்தில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. மாநகரப் பேருந்துகளோ ஏறத்தாழ 7,000. இந்த ஏற்றத்தாழ்வை உருவாக்கியது யார்?

2014 மார்ச்சில் சம்பிகே சாலையிலிருந்து பீனியா தொழிற்பேட்டைக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியது. தொழிலாளர்கள் வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வழி பிறந்தது. 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்டணத்தை உயர்த்தி மக்களை மீண்டும் இருசக்கர வண்டியில் ஏற்றிவிட்டு, புகைக்கு மக்களையே குற்றம் சொல்வது என்ன நியாயம்? மாறாக, 2023 ஜூனில் தொடங்கிய பெண்களுக்கான இலவசப் பேருந்துப் பயணம், பேருந்து இருந்தால் மக்கள் ஏறுவார்கள் என்பதை நிரூபித்திருக்கிறது. பேருந்துகளைப் பெருக்குவதே அடுத்த படியாக இருந்திருக்க வேண்டும்.

கர்நாடகக் காங்கிரஸ் அரசோ ஹெப்பாளிலிருந்து சில்க் போர்டு வரை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் சுரங்கச்சாலைக்கு 17,000 கோடி ரூபாய்க்கும் மேல் செலவிடத் திட்டமிடுகிறது. கார்ப் புகை சுரங்கத்திற்குள் போனால் மறைந்துவிடாது. நுழைவாயில்களிலும் காற்றுப்போக்கிகளிலும் திரண்டு வெளிவரும். மின்சாரக் கார்கள் வந்தாலும் சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து கிளப்பும் துகள்கள் நிற்கப்போவதில்லை.

ஒரே காற்று, ஒரே அணி

1882இல் வெட்டப்பட்ட சாங்கி ஏரியின் கரையில் மரங்களை வெட்டிச் சாலையை அகலப்படுத்தி மேம்பாலம் கட்டும் திட்டத்தை 2023இல் மல்லேஸ்வரம், சதாசிவநகர் பகுதி மக்கள் எதிர்த்தனர். அமைதியாக ஊர்வலம் சென்றவர்கள் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர வர்க்கத்தினர் என்பதால் அந்தப் போராட்டம் நமக்கு அந்நியமாகிவிடாது. அதே வேளையில், மரங்களைக் காக்கும் இயக்கம் மல்லேஸ்வரத்தின் எல்லையோடு நின்றுவிடவும் கூடாது.

எல்லைக்கு அப்பால், நடந்தே போகும் தொலைவில், தமிழ் பேசும் உழைப்பாளிகள் நெருங்கி வாழும் ஸ்ரீராமபுரம் இருக்கிறது. மெட்ரோ தடத்தின் மறுமுனையில் பீனியாவின் சிறு பட்டறைகள் இருக்கின்றன. உலோகத் தூசும் அமில ஆவியும் அங்கே பணியிடத்திற்குள்ளேயே சூழ்ந்திருக்கின்றன. சாலையோரக் கண்காணிப்புக் கருவி எதிலும் அது பதிவாவதில்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்பு, மின்சக்தி பயன்படுத்தும் ஓர் இடத்தைத் ‘தொழிற்சாலை’ என்று கருதத் தேவையான தொழிலாளர் எண்ணிக்கையை 10இலிருந்து 20ஆக உயர்த்தியது. பட்டறைக்குள் இருக்கும் காற்றைச் சட்டத்தின் பார்வையிலிருந்து இன்னும் தள்ளிவைக்கும் ஏற்பாடு இது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. தூய காற்றுத் திட்டத்தின் அளவுகோல் பி.எம். 2.5 ஆக மாற வேண்டும். அனல்மின் நிலையங்களுக்கு அளித்த விலக்கு திரும்பப் பெறப்பட வேண்டும். சுரங்கச்சாலைக்கான நிதி பேருந்துகளுக்குத் திருப்பப்பட வேண்டும். மெட்ரோ கட்டண உயர்வு இரத்தாக வேண்டும். தெருவில் உழைப்போருக்குத் தரமான முகக்கவசமும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனையும் உரிமையாக வேண்டும்.

நடக்குமா என்ற ஐயத்திற்குப் பௌரகார்மிகர்களே விடை. 2022 ஜூலையில் அவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்தபோது நகரம் நாறியது. அரசு பேச்சுக்கு வந்தது. 2025 மே தினத்தன்று பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிரந்தரப் பணி ஆணை பெற்றனர். வேலையை வென்றெடுத்தவர்கள் மூச்சையும் வென்றெடுக்க முடியும். அந்தப் போராட்டத்தில் சாங்கி ஏரிக்கரையும் ஸ்ரீராமபுரமும் பீனியாவும் ஒரே அணியில் நிற்கச் செய்வதுதான் நம் பணி.